பாய்மரத்தின் அடிநிலை

மரக்கலத்தைக் கரையினின்று காண்பார் கண் முதலிற் பாயின்மேற் செல்லும். பின்னர்ப் பாய்மரத்தின் உயர்ச்சியிற் செல்லும். அம்மரம் கலத்தினடியில் எதன்மேல் நிற்கின்றதென உசாவுவார் அரியர். யாமும் அவ்வாறே இருந்தோம். சென்ற விடுமுறையில் மீஞ்சூரினின்று பழவேற்காட்டிற்குச் சென்றபோது, ஏரிக்கரையிற் பாய்மரம் இறக்கப்பட்டுக் கிடந்த பழைய படகொன்றையும், அதனுட் குனிந்திருந்த முதிய தச்சரையும் கண்டோம்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் மிகுந்துவிட்டன. மரத்தாலான பாய்ப்படகு அருகிவிட்டது. முன்னாளிலோ, 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்ற கால்வாயில், விறகும் உப்பும் ஏற்றிய பாய்ப்படகுகள் இவ்வழியே சென்னைக்குச் சென்றன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் அப்போக்குவரவு நலிந்தது.

யாம் கண்ட படகிற்கு நேர்ந்தது இது: ஐப்பசி மாதத்துப் பெருங்காற்றிற் பாய்மரத்தின் அடி நழுவ, அடிப்பலகை பிளந்து நீர் புகுந்தது. தந்தையும் மகனும் இடுப்பளவு நீரில் இறங்கிப் படகை இழுத்துவந்தனராம். ஏரி ஆழமற்றதாகலின் உயிர் பிழைத்தனர். முகத்துவாரத்திற்கு அப்பால் நேர்ந்திருப்பின் யாது செய்வர்?

சங்கச் சான்றோர் பாய்மரத்தைக் கூம்பு என்பர். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில், கட்டுத்தறியை விட்டுத் திரியும் மதயானைக்கு, கடுங்காற்றாற் கயிறு அற்றுக் கூம்பு அடியில் முறியச் சுழியில் அகப்பட்ட நாவாயை உவமை கூறுகின்றார். வகுப்பில் இதனைப் படித்தபோது யானையையே நினைந்தோம். அடிமுறிதலின் கொடுமை பழவேற்காட்டிற்றான் விளங்கிற்று.

பாய்மரத்தின் அடிமுனை கழுந்தாகச் செதுக்கப்பட்டு, படகின் அடியிற் குறுக்கே பதித்த தடித்த கட்டையின் துளையுட் செருகி நிற்கும். அக்கட்டை தாங்குவது மரத்தின் எடையை மட்டுமன்று. காற்று 3 மீட்டர் உயரத்தில் 50 கிலோ எடையளவு பக்கவாட்டில் தள்ளுவதாகக் கொள்வோம். காற்றுவரும் பக்கத்துக் கயிறு, மரத்தினடியினின்று முக்கால் மீட்டர் தள்ளி விளிம்பிற் கட்டப்பட்டிருப்பின், அது மரத்தை ஏறத்தாழ 200 கிலோ எடையளவு கீழ்நோக்கி அழுத்தும். பாய் மேலே இழுக்க, சுமை கீழே இறங்குகின்றது!

இக்கட்டையின் பகை உப்புநீர் என்றே எண்ணியிருந்தோம். "உப்புத் தண்ணி மரத்தைக் காக்கும், தம்பி, மழைத்தண்ணிதான் தின்னும்" என்றார் தச்சர். உண்மையே. உப்பூறிய மரத்திற் பூஞ்சணம் எளிதிற் பற்றாது. மழைநீரோ பாய்மரத்தின் வழியே வடிந்து துளையுள் தேங்கும். மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நார்த்துளைகள் வாய்திறந்து கிடத்தலின், அந்நீரை உறிஞ்சி உள்ளே உளுத்துப்போகும். மேலே கீல் பூசி மறைப்பின் ஈரம் அடைபட்டுக் கேடு மிகும்.

அவர் மரத்தை இறக்குமுன்பே தூக்குநூலால் அதன் சாய்வைக் குறித்துக்கொண்டாராம். ஊசியாற் குத்திப் பார்த்து, ஊசி எளிதில் இறங்கிய பகுதியை எல்லாம் வெட்டி நீக்கினார். மரத்தின் அடியிலும் நான்கு விரலளவு போயிற்று. அவ்வளவும் புதுக்கட்டையின் உயரத்திற் கூட்டப்பட்டது. இன்றேற் கயிறுகள் தளரும். புதுக்கட்டை தேக்கு. அது பலகையின்மேற் படாது, மூன்று விலாச்சட்டங்களின்மேற் குதைவெட்டி அமர்த்தப்பட்டது. சுமை பலகைக்குச் செல்லாமற் சட்டங்களுக்குப் பகிர்ந்து செல்லவேண்டுமன்றோ? பழைய இருப்பாணிகள் துருவேறி மரத்தைக் கருக்கியிருந்தமையின், செப்பாணிகளே இட்டார். இறுதியாகத் துளையின் தாழ்ந்த மூலையினின்று வெளியே ஒரு சிறு வடிகால் குடைந்தார். அரைநாள் அதற்கே சென்றது.

இலண்டன் மாநகரில் தேம்சு ஆற்றங்கரையில் 1962இற் கண்டெடுத்த உரோமர்காலக் கப்பலின் பாய்மரத்துளையுள், தொமீசியன் என்னும் பேரரசனின் காசொன்று இருந்தது. அதன் ஒருபுறம் நற்பேற்றுத் தெய்வத்தின் உருவம். அவ்வழக்கை இகழோம், ஆயினும் காசினும் வடிகால் நன்றென்பது எம் துணிபு.

யாம் புறப்படுகையில் மரம் இன்னும் நிறுத்தப்படவில்லை. படகுக்காரர் மகன் செம்பில் நீர் மொண்டு புதுத்துளையுள் ஊற்றி, அது முழுதும் வடிகின்றதா என்று குனிந்து நோக்கிக்கொண்டிருந்தான்.