விமான டிக்கெட்டில் தேதி மாற்றம்: எது போகும், எது திரும்பும்?



வளைகுடாவில் வேலை பார்ப்போர் உள்ள குடும்பங்களுக்கு இது பழகிய கவலை. லீவு தள்ளிப்போகும், ஊரில் தாயாருக்கு உடல்நிலை மோசமாகும், டிக்கெட்டின் தேதியை மாற்ற வேண்டி வரும். அப்போதுதான் அபராதம் எவ்வளவு என்று தெரிகிறது.

சமீபத்தில் ஜும்ஆ முடிந்ததும் ஒரு சகோதரர் மொபைலை நீட்டினார். "ஹஜ்ரத், மூணு டிக்கெட் கேன்சல் பண்ணிட்டேன். நான்-ரீஃபண்டபிளாம், ஒரு ரூபாகூட வராதுன்னு ஏஜென்ட் சொல்றாரு." டிக்கெட்டை வரி வரியாகப் பார்த்தோம். அடிப்படைக் கட்டணம், வரி, விமான நிலையக் கட்டணம் என்று தனித்தனியே இருந்தன. பின்னுள்ள இரண்டும் அவருக்குத் திரும்ப வேண்டிய பணம்.

விதி என்ன சொல்கிறது?

இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்டானாலும் அரசு வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். பணத்துக்குப் பதில் 'கிரெடிட் ஷெல்' வேண்டுமா என்பது பயணியின் விருப்பம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவரவர் நாட்டு விதிகள் பொருந்தும் என்பதால், வளைகுடா விமானங்களில் நிபந்தனைகளை முன்பே படித்துக்கொள்ள வேண்டும்.

2019-ல் வெளியான பயணிகள் சாசனத்தில் இன்னொரு சலுகையும் இருந்தது. பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால், பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம், மாற்றலாம் என்று அது சொன்னது. மாற்றினால் புதிய விமானத்தின் கட்டண வித்தியாசத்தை மட்டும் கட்ட வேண்டும் என்றிருந்தது. எனவே பதிவு செய்த அன்றே பெயர், தேதி, பாஸ்போர்ட் மூன்றையும் சரிபாருங்கள்.

மாற்றுவதா, ரத்து செய்வதா?

தேதி மாற்றத்தில் இரண்டு செலவு: மாற்றக் கட்டணம், கட்டண வித்தியாசம். உதாரணத்துக்கு, ரூ.5,000 டிக்கெட்டில் வரிகள் ரூ.1,200 என்று வைப்போம். மாற்றக் கட்டணம் ரூ.3,000, வித்தியாசம் ரூ.1,500 என்றால் கூடுதல் செலவு ரூ.4,500. ரத்து செய்து வரிப் பணம் ரூ.1,200 திரும்பப் பெற்று, வேறு விமானத்தில் ரூ.5,000-க்கு டிக்கெட் எடுத்தால் கூடுதல் செலவு ரூ.3,800 மட்டுமே. கணக்குப் போடாமல் மாற்றாதீர்கள்.

விமானமே ரத்தானால்?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, மறுநாள் அதிகாலைதான் திறந்தது. இப்படி நிறுவனமே ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ பயணியின் உரிமை. ஆனால் புயல் போன்ற காரணத்துக்குத் தனியாக நஷ்டஈடு கிடைக்காது.

விமானம் புறப்பட்டு, வெள்ளத்தால் நாம் போய்ச் சேராவிட்டால் இழப்பு நம்முடையது. நமது ஊரிலிருந்து சென்னை சுமார் 200 கி.மீ. மழைக்காலத்திலும், தீபம், பௌர்ணமி நாட்களின் நெரிசலிலும் முன்னதாகவே கிளம்புவது அபராதத்தைவிட மலிவு.

முறையிட

முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்துமூலம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 'ஏர்சேவா' தளம், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் பணம் திரும்பக் கிடைக்கச் செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

டிக்கெட் தொழில் செய்யும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. சொல்லி வாங்கும் சர்வீஸ் சார்ஜ் உங்கள் உழைப்பின் கூலி. பயணிக்குத் திரும்பி வந்த வரிப் பணம் அமானிதம். அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது மோசடி. அதேபோல், அபராதத்துக்குத் தப்பப் பொய் மருத்துவச் சான்று வாங்குவதும் நமக்கு ஆகாது. சம்மதித்த நிபந்தனையை நாமும் நிறைவேற்ற வேண்டும்.

அந்தச் சகோதரர் விண்ணப்பித்துவிட்டார். மூன்று டிக்கெட்டின் வரிப் பணமும் வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.