எரிமலையின் அடிவாரத்தில் மூழ்குவோர்

அந்தமான் கடலில், நெடுங்காலம் போர்ட் பிளேர் என வழங்கி 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகருக்கு வடகிழக்கே, சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் பாரன் தீவு உள்ளது. இந்தியாவில் இன்றும் கனன்றுகொண்டிருக்கும் எரிமலை இது ஒன்றே. தீவின் குறுக்களவு ஏறத்தாழ 3 கிலோமீட்டர். மனிதர் எவரும் அங்கு வசிப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர் உயரமே தென்படினும், மலையின் அடி 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கடற்படுகையில் ஊன்றியுள்ளது. கப்பலின் மேல்தளத்திலிருந்து நோக்குபவர் காண்பது ஒரு பெருமலையின் சிகரத்தை மாத்திரமே.

பூமியின் மேலோட்டில் இந்தியத் தட்டு பர்மியத் தட்டின் கீழ் மெல்ல அமிழ்ந்து செல்கிறது. அதனால் ஆழத்தில் உருகும் பாறைக் குழம்பே இவ்வெரிமலைக்குக் காரணம். இதன் சீற்றம் முதன்முதல் 1787-ல் பதிவாயிற்று. பின்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கியிருந்த மலை, 1991-ல் மீண்டும் குமுறியது. குழம்பு கடல்வரை பாய்ந்தது. 2017 ஜனவரி 23-ந் தேதி, தேசியக் கடலியல் நிலையத்தின் விஞ்ஞானிகள் ‘சிந்து சங்கல்ப்’ கப்பலிலிருந்து கடற்படுகை வண்டலைச் சேகரிக்கையில், மலை திடீரெனச் சாம்பலைக் கக்கிற்று. பகலில் சாம்பல் மேகங்களே தெரிந்தன; பொழுது சாய்ந்த பின்னரே செந்நிறக் குழம்பின் ஊற்று கண்ணுக்குப் புலனாயிற்று.

தீவு வனவிலங்குச் சரணாலயமாதலால், பிரயாணிகள் கரையிறங்க அனுமதி இல்லை. உல்லாசக் கப்பலில் வருவோர் தூரத்திலிருந்தே மலையைக் காண்பர். உரிய அனுமதியும் பயிற்சியும் பெற்ற சிலர், காற்றடைத்த உருளையை முதுகில் தாங்கி நீரில் இறங்குவர். ஸ்கூபா எனப்படும் இம்முறைக்கு வழி வகுத்த கருவியை, 1943-ல் பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கினர். எந்த ஆழத்திலும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றை அளிப்பதே அதன் சிறப்பு.

நீரின் கீழே கரிய மணலும் செங்குத்தான பாறைச் சரிவுகளும் காணப்படும். வண்டல் கொணரும் ஆறு ஏதும் இன்மையால் நீர் தெளிந்திருக்கும். பழைய குழம்புப் பாறைகளில் பவளங்களும் கடற்பஞ்சுகளும் பற்றி வளர்ந்துள்ளன. அழிவு செய்யும் குழம்பே குளிர்ந்தபின் உயிர்களுக்கு உறைவிடமாகிறது. இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் 1988-ல் வெடித்த எரிமலையின் குழம்புப் பாறையில், ஐந்தே ஆண்டுகளில் 124 வகைப் பவளங்கள் குடியேறியிருந்தமையை விஞ்ஞானிகள் கண்டனர்.

இனி, மூழ்குவோர் மறக்கலாகாத கணக்கு ஒன்று உண்டு. கடல் மட்டத்தில் நம் உடலை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மற்றொரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆகவே 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. அங்கு 5 லிட்டர் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கியவாறே மேலெழுந்தால், பாயில் விதிப்படி அக்காற்று 15 லிட்டராக விரிய முயலும், நுரையீரல் கிழியும். கடைசி 10 மீட்டரில் மட்டும் காற்று இருமடங்காகிறது. எனவே ஆழம் குறைந்த இடத்தில் அபாயமில்லை என்பது தவறு. மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது என்பதே முதல் விதி.

இரண்டாவது அபாயம் நைட்ரஜனால் விளைவது. அழுத்தம் மிகும்போது இவ்வாயு இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழிகள் பொங்குவதுபோல் அது உடலுக்குள் குமிழியிடும். மூட்டு வலி முதல் பக்கவாதம்வரை இதனால் நேரலாம். ஆகையால் நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலெழுந்து, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் தங்குதல் வழக்கம். பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழியாமல் விமானம் ஏறலாகாது.

பாரன் தீவில் மருத்துவரும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. நோயாளி மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தப்பட வேண்டுமெனில், முதலில் நீண்ட கடற்பயணம் செய்தாக வேண்டும். கப்பல் அங்கு தங்குவதோ சில மணி நேரமே. ‘நேரமாகிறது’ என்ற எண்ணமே பிழைக்கு வித்தாகும். புறப்படும் நேரம் நெருங்கினும், அந்த மூன்று நிமிஷத்தைக் குறைத்தல் தகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். இரு சோடாப் புட்டிகளை எடுத்து, ஒன்றை விரைந்தும் மற்றதைச் சிறிது சிறிதாகவும் திறந்து காட்டுக. முதலாவது பொங்கி வழியும். இரண்டாவது அமைதியாக அடங்கும். மூழ்குபவரின் உயிர் இவ்விரண்டின் வேறுபாட்டிலேயே நிற்கிறது என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.