ஆற்றின் குரலைக் கேட்கும் கருவிகள்

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முதல் நாள் பிடித்த மழை விடவே இல்லை. நான் ஒலிபரப்பு அறையில் இருந்தேன். புலனத்தில் நேயர்களின் குரல்பதிவுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து வந்தது. ஒரு பெண் பேசியிருந்தார்.

“அக்கா, தண்ணி வாசப்படிக்கு வந்துருச்சி. இன்னும் ஏறுமா, எறங்குமா? பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு கெளம்பவா, இல்ல வீட்டுலயே இருக்கவா?”

என் எதிரே கணினித் திரையில் ஆறுகளின் நீர்மட்ட அட்டவணை திறந்திருந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண், மீட்டர் கணக்கில். பல எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு நிறம். அந்த எண்களை அப்படியே வாசித்தேன். “அபாய அளவைத் தாண்டிவிட்டது, கவனமாக இருங்கள்” என்றும் சேர்த்துச் சொன்னேன். அதன்பின் அவரிடமிருந்து எந்தப் பதிவும் வரவில்லை.

மூன்று நாள் கழித்து, நிவாரண மையத்திலிருந்து பேசினார். பக்கத்து வீட்டு மாடியில் ஏறிப் பிள்ளைகளோடு தப்பித்திருக்கிறார். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்து போயிருக்கிறது. கோபமில்லாமல்தான் கேட்டார்: “நீங்க மீட்டர்ல சொன்னீங்கக்கா. அது என் வாசப்படிக்கு எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

என்னிடம் பதில் இல்லை. அந்த எண் எங்கிருந்து, எப்படி வருகிறது என்பதே அன்று எனக்குத் தெரியாது. தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் ஒன்று புரிந்தது: ஆற்றில் இருக்கும் கருவியும் என் முன்னே இருக்கும் ஒலிவாங்கியும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயர் டிரான்ஸ்டூசர். தமிழில் ஆற்றல்மாற்றி.

ஒலிவாங்கி என்ன செய்கிறது?

ஒரு வகை ஆற்றலை இன்னொரு வகையாக மாற்றித் தருவதுதான் ஆற்றல்மாற்றியின் வேலை. நான் “வணக்கம்” என்றால் காற்று அதிர்கிறது. ஒலிவாங்கிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அந்த அதிர்வுக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஆடுகிறது. சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருள் ஒரு காந்தத்தின் நடுவே அசைகிறது. காந்தப் புலத்தில் கம்பி அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தார். அப்படிப் பிறக்கும் மின்சாரம் மிகச் சிறியது. ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனால் என் குரலின் ஏற்ற இறக்கம் அத்தனையும் அதில் இருக்கும்.

உங்கள் வீட்டு ஒலிபெருக்கி இதையே தலைகீழாகச் செய்கிறது. மின்சாரம் சுருளுக்குள் போகிறது, சுருள் அசைகிறது, காகிதக் கூம்பு அதிர்கிறது, குரல் வெளியே வருகிறது. பழைய ஹெட்ஃபோன் ஒன்றைக் கணினியின் ஒலிவாங்கித் துளையில் செருகி, அதில் பேசிப் பாருங்கள். மங்கலாகவாவது குரல் பதிவாகும். பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

தண்ணீரின் எடை

ஆற்றுக்கு வருவோம். கிள்ளான் ஆற்றின் நீளம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். மஸ்ஜிட் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றோடு சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடி, ஷா ஆலம், கிள்ளான் வழியாகக் கடலில் கலக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்கும் வெள்ளத்துக்கும் தொடர்பு உண்டு. 1881-இல் கோலாலம்பூரை முதலில் தீயும் பிறகு வெள்ளமும் அழித்தன. மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. அந்தச் செங்கல்லுக்காகச் சூளைகள் எழுந்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1926-இலும் 1971-இலும் ஆறு மறுபடி ஊருக்குள் வந்தது.

அந்தக் காலத்தில் பாலத் தூணில் வர்ணம் பூசிய அளவுகோலை ஓர் ஆள் போய்ப் பார்த்து எழுதி வர வேண்டும். இன்று அந்த வேலையைக் கருவிகள் செய்கின்றன. ஒரு வகைக் கருவி தண்ணீருக்கு அடியில் கிடக்கும். தண்ணீருக்கு எடை உண்டல்லவா? உள்ளங்கை அளவு, அதாவது 100 சதுர சென்டிமீட்டர் இடத்தின்மேல் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் அதன் எடை 10 கிலோ. ஓர் அரிசி மூட்டை. அந்த எடை கருவியின் மெல்லிய தகட்டை அழுத்துகிறது. தகடு வளையும்போது அதில் பதித்த உணரியின் மின்தடை மாறுகிறது. எவ்வளவு மாறியது என்று பார்த்தால், மேலே எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இதே தத்துவம்தான் அப்பாவின் டிஜிட்டல் இரத்த அழுத்தக் கருவியிலும் இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம் போதுமான தண்ணீர் நிரம்பிவிட்டது என்று அறிவதும் அழுத்தத்தை வைத்துத்தான். மளிகைக் கடையின் டிஜிட்டல் தராசுக்குள் வளைவதும் இதுபோன்ற ஓர் உலோகத் துண்டுதான்.

தண்ணீரின் எடையைப் பற்றி இன்னொரு கணக்கும் சொல்லியாக வேண்டும். 90 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கு வெளியே மட்டும் அரை மீட்டர் தண்ணீர் நின்றால், கதவின்மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய 110 கிலோ. அதே தண்ணீர் ஒரு மீட்டர் ஆனால் 220 அல்ல, 450 கிலோ. உயரம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. “இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்” என்று காத்திருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது.

மேலிருந்து கேட்கும் காது

இரண்டாவது வகைக் கருவி தண்ணீரைத் தொடுவதே இல்லை. பாலத்தின் அடியில் தொங்கிக்கொண்டு, நம் காதுக்குக் கேட்காத மீயொலியைக் கீழே அனுப்பும். தண்ணீரில் பட்டு எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். தண்ணீர் 7 மீட்டர் கீழே இருந்தால், போய் வர 14 மீட்டர். ஒரு நொடியின் 25-இல் ஒரு பங்கு நேரம். தண்ணீர் ஏற ஏற எதிரொலி சீக்கிரம் வந்துவிடும். ஒலிக்குப் பதிலாக ரேடார் அலையை அனுப்பும் கருவிகளும் உண்டு.

இந்த மீயொலியை உண்டாக்குவதும் கேட்பதும் ஒரே பொருள். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880-இல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் காட்டினார்கள். அதே படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். காடியைப் பின்னால் எடுக்கும்போது ‘பீப் பீப்’ என்று எச்சரிக்கும் உணரியில் இருப்பது அந்தக் குணம்தான். கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையைக் காட்டும் ஸ்கேன் கருவியிலும் அதுவே.

மழைமானியின் கதை எளிது. உள்ளே ஏற்றப்பலகை போல இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு மின்துடிப்பு. துடிப்புகளை எண்ணினால் மழையின் அளவு.

பூஜ்யம் வேறு, மௌனம் வேறு

நான் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். இத்தகைய கருவிகள் பலவும் தங்கள் அளவை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புகின்றன. பத்து மீட்டர் வரை அளக்கும் கருவி என்றால், 20 என்பது பத்து மீட்டர், 12 என்பது ஐந்து மீட்டர், 4 என்பது பூஜ்யம். ஏன் பூஜ்யத்துக்குப் பூஜ்யமே அனுப்பக் கூடாது? கம்பி அறுந்தாலும் பூஜ்யம்தானே வரும்! தண்ணீர் இல்லையா, கருவியே இல்லையா என்று எப்படிப் பிரித்தறிவது? அதனால்தான், சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் “நான் இருக்கிறேன்” என்று சொல்ல 4 மில்லிஆம்பியர். அதுவும் வராவிட்டால் ஆபத்து. உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

வானொலியில் எங்களுக்கும் இந்தப் பயம் உண்டு. சில நொடிகள் ஒலி நின்றாலே ஆள் ஓடி வருவார். ஆனால் அந்தச் சனிக்கிழமை, தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து வந்த குரல் நின்றபோது, அதையும் ஓர் எச்சரிக்கையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

எண்ணுக்குப் பிறகு

உணரி அளக்கும், முடிவெடுக்க வேறொருவர் வேண்டும். கோலாலம்பூரில் 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் அதற்கு நல்ல உதாரணம். 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தின் ஒரு பகுதியில் காடிகளும் ஓடுகின்றன. ஆற்றில் நீரோட்டம் கூடுகிறது என்று உணரிகள் சொன்னால், முதலில் கீழ்த்தளத்தில் தண்ணீர் விடப்படும். நிலைமை மோசமானால் வாகனங்களை வெளியேற்றி, சாலைத் தளங்களும் தண்ணீருக்கே. அங்கே ஒவ்வோர் அளவுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்க முடியும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ இணையப் பக்கத்தில் ஒவ்வொரு நிலையத்தின் நீர்மட்டமும் நான்கு படிகளில் இருக்கும்: இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம். மலாயில் நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா. உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள நிலையம் எது என்று இன்றே பாருங்கள். அடுத்த கனமழையில் வீட்டுக் கால்வாய் நிரம்பும்போது அந்த நிலையத்தில் என்ன எண் என்று குறித்து வையுங்கள். எந்தப் படியில் கிளம்புவது, எங்கே போவது என்று குடும்பமாகப் பேசி முடிவு செய்யுங்கள். பேட்டரியில் ஓடும் சிறு வானொலி ஒன்று வீட்டில் இருக்கட்டும். மின்சாரம் போய்க் கைப்பேசி அணைந்த பிறகும் அது பேசும். அவசரம் என்றால் 999.

நானும் மாறிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்ற நேயர் ஒருவர் இருக்கிறார். “சிவப்புன்னு சொல்றீங்களேம்மா, எனக்கு அது என்ன தெரியும்?” என்று ஒருநாள் கேட்டார். இப்போதெல்லாம் எண்ணை மட்டும் வாசித்துவிட்டு நகர்வதில்லை. “ஒரு மணி நேரத்தில் அரை மீட்டர், முழங்கால் அளவு ஏறியிருக்கிறது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது” என்று சொல்கிறேன். குரல் நின்ற நேயருக்குத் திரும்ப அழைக்கிறேன்.

தாமான் ஸ்ரீ மூடா பெண் இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். வாசல் தூணில் பெயின்டால் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நிலையத்தின் எண். கீழே குரல்பதிவு: “இனிமே மீட்டர்லயே சொல்லுங்கக்கா. எனக்குப் புரியும்.”