சிவப்பெல்லாம் ஒன்றல்ல

அருப்புக்கோட்டை அருகே உள்ள பரளச்சியிலிருந்து கரிசல் காடுகளைத் தாண்டித் தெற்கே இறங்கினால் தூத்துக்குடி உப்பளங்கள். கோடையில் உப்பு விளையும் தறுவாயில் பாத்தித் தண்ணீர் ரோஸ் நிறமாகும். மண்ணின் நிறமல்ல அது. கடும் உப்புநீரில் மட்டுமே செழிக்கும் நுண்ணுயிரிகளின் நிறம். 2020 ஜூனில் மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி இளஞ்சிவப்பானபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் நீரைச் சோதித்து, இதே வகை உப்பு விரும்பிகள்தான் என்றது. பாக்டீரியா போலவே தோன்றினாலும் இவை ஆர்க்கியா என்னும் தனிக் கூட்டம்.

நிறத்தைப் பார்த்தே இன்ன நிறமி என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். முடியாது. இந்த உப்பு விரும்பிகளின் நிறமி பாக்டீரியோருபெரின். கேரட்டின் நிறமிக்கு உறவு. மண்ணிலும் நீரிலும் வாழும் செராஷியா என்ற பாக்டீரியாவும் சிவப்புதான். அதன் நிறமி புரோடிஜியோசின், வேறு வம்சம். 1819-இல் இத்தாலியில் சோளக்களி ரத்தச் சிவப்பாகி ஊரே மிரண்டபோது, உயிருள்ள ஒன்றுதான் காரணம் என்று பார்த்தலோமியோ பிசியோ என்பவர் கண்டது இந்தச் செராஷியாவைத்தான். இதிலும் ஒரு வேடிக்கை: 30 டிகிரியில் சிவக்கும் செராஷியா, நம் உடல் சூடான 37 டிகிரியில் வெளுத்தே வளரும்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? நுண்ணுயிரி வளர்க்கும் அகார் தட்டிலிருந்து சிவப்புத் திட்டை வழித்தெடுத்து மெத்தனாலில் கலக்கிச் சுழற்றுவார்கள். செல்கள் வெளிறி அடியில் தங்கும்; சாயம் மேலே நிற்கும். அதை இரண்டு குழாயில் பிரித்து ஒன்றில் அமிலம், மற்றதில் காரம். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிறதல்லவா, புரோடிஜியோசின் அதற்கு நேரெதிர்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் மஞ்சள். பாக்டீரியோருபெரின் இரண்டுக்கும் அசையாது.

அடுத்து நிறமாலைமானி. அமிலத்தில் கரைந்த புரோடிஜியோசின் 535 நானோமீட்டர் அருகே ஒளியை அதிகம் விழுங்கி ஒரே முகடு காட்டும். பாக்டீரியோருபெரினுக்கு மூன்று முகடுகள், உயரமானது 495-ஐ ஒட்டி. கடைசியாக மூலக்கூறின் எடை பார்க்க வேண்டும். புரோடிஜியோசின் என்றால் 323 வரும். அதுவரை எல்லாம் ஊகமே.

இவ்வளவு துல்லியம் எதற்கு? புரோடிஜியோசின் சாயமாகப் பட்டிலும் கம்பளியிலும் ஏறும். வெயிலில் சீக்கிரம் வெளுத்தும் விடும். செராஷியாவோ மருத்துவமனைகளில் தொற்று உண்டாக்கும் கிருமி. நெசவுத் தொழில் உள்ள அருப்புக்கோட்டைப் பக்கம் நாளை யாராவது ‘பாக்டீரியா தந்த இயற்கைச் சாயம்’ என்று விற்க வந்தால், எந்த நுண்ணுயிரி, எந்த நிறமி, வெயிலில் எத்தனை நாள் நிற்கும் என்று மூன்றையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.