பொமரேனியன் ஏன் ஓயாமல் குரைக்கிறது?

லிஃப்ட் கதவு திறந்தால் குரைப்பு. கூரியர்காரர் படியேறினால் குரைப்பு. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தாலும் குரைப்பு. குட்டி நாய் வளர்க்கும் பல வீடுகளின் அன்றாடம் இது. அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கிறார்கள், வளர்ப்பவர் கூசிப்போகிறார், கடைசியில் சுருட்டிய செய்தித்தாளால் அடி நாய்க்கு விழுகிறது. அந்த அடி அநியாயமானது. குரைப்பது, மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அந்த நாய்க்குக் கொடுத்த வேலை. அந்த வேலைக்கு இன்றைக்கும் நாமேதான், நமக்குத் தெரியாமல், கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பொமரேனியனின் பூர்வீகம் பால்டிக் கடலின் தென்கரை. இன்று போலந்திலும் ஜெர்மனியிலுமாகப் பிரிந்து கிடக்கும் பொமரேனியா என்ற நிலப்பகுதி. அதன் முன்னோர் ஸ்பிட்ஸ் வகை நாய்கள்: கூர்மூக்கு, விறைத்த காது, அடர்ந்த ரோமம். பண்ணை வீடுகளையும் சரக்கு வண்டிகளையும் காத்தவை. அந்நியர் நெருங்கினால் சத்தம் போட்டு வீட்டுக்காரரை எழுப்புவது அவற்றின் பொறுப்பு. பழைய பொமரேனியன்கள் பத்து கிலோவுக்கு மேல்கூட இருந்தன. 1888-இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் மார்கோ என்ற சிறிய பொமரேனியனை வாங்கினார். அதன்பிறகு சிறிய உடம்புக்கு மவுசு ஏறியது. சில பத்தாண்டுகளில் நாய் மடியில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது, காவல் புத்தி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. நம்மூரில் பொமரேனியன் என்று வாங்கப்படுவதில் பெரும்பகுதி, அதைவிடச் சற்றே பெரிய இந்தியன் ஸ்பிட்ஸ். குரைப்பில் அதுவும் சளைத்ததில்லை.

மற்ற குட்டி நாய்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். லாசா ஆப்சோ திபெத்திய மடாலயங்களுக்குள் காவல் இருந்தது. வெளிவாசலைப் பெரிய மாஸ்டிஃப் பார்த்துக்கொள்ளும், அதையும் தாண்டி யாராவது உள்ளே வந்தால் குரல் கொடுப்பது ஆப்சோ. டாஷண்ட் ஜெர்மனியில் வளைக்கரடி எனப்படும் பேட்ஜரை அதன் பொந்துக்குள்ளேயே போய் மடக்கும் நாய். மண்ணுக்கடியில் நாய் எங்கே இருக்கிறது என்று மேலே நிற்கும் வேட்டைக்காரர் அறிந்தது அதன் குரைப்பை வைத்துத்தான். அதனால் அந்தக் குள்ள உடம்புக்குள் ஆழ்ந்த, பெரிய குரல் இருக்கிறது.

குரைப்பு என்ற குரலே நாய்களிடம் மனிதரோடு வாழ்ந்த காலத்தில்தான் இவ்வளவு பெருகியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வளர்ந்த ஓநாய் குரைப்பது அரிது, அதுவும் பெரும்பாலும் எச்சரிக்கைக்கு. நாயோ விளையாட, கெஞ்ச, பயப்பட, ஏங்க, எல்லாவற்றுக்கும் குரைக்கிறது. புடாபெஸ்ட் நகரின் யோட்வோஷ் லோராந்த் பல்கலைக்கழகத்தில் பீட்டர் போங்ராட்ஸும் ஆடாம் மிக்லோஷியும் முடி என்ற ஹங்கேரிய மேய்ப்பு நாயின் குரைப்புகளைப் பல சூழல்களில் பதிவு செய்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்நியர் வந்தபோது குரைத்தது எது, தனியாகக் கட்டிப்போட்டபோது குரைத்தது எது, பந்துக்காகக் குரைத்தது எது என்று ஒலியை மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னபோது, நாயே வளர்க்காதவர்களும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர்களாலும் அது முடிந்தது. தாழ்ந்த சுருதியில், கரகரப்பாக, இடைவெளி இல்லாமல் வந்தால் மிரட்டல். உயர்ந்த சுருதியில், விட்டுவிட்டு வந்தால் பயம் அல்லது ஏக்கம். இந்தக் காது நம் எல்லோருக்கும் இருக்கிறது. எரிச்சலை ஒரு நிமிடம் ஒத்திவைத்துக் கேட்டால் போதும்.

குட்டி நாய்களுக்குத் தொண்டையும் குரல்நாண்களும் குட்டை, அதனால் சுருதி கூடுதல். செவியோ பெரிய நாய்க்குச் சமம். அமெரிக்க ஆய்வாளர் ஹெஃப்னர் 1983-இல் சிவாவா முதல் செயின்ட் பெர்னார்ட் வரை சோதித்தபோது, உடம்பின் அளவுக்கும் கேட்கும் திறனுக்கும் தொடர்பில்லை என்று கண்டார். மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய்ச்செவி அதன் இருமடங்குக்கும் மேலே போகிறது. வெறுங்காற்றைப் பார்த்துக் குரைக்கிறது என்று நாம் சொல்லும் நேரங்களில், நமக்குக் கேட்காத ஏதோ ஒன்று அதற்குக் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு காரணம் நாம். குட்டி நாயின் உலகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. கேட்காமலே தூக்குகிறோம், கொஞ்சுகிறோம், கைமாற்றுகிறோம். பிடிக்காதபோது அது முகத்தைத் திருப்புகிறது, உதட்டை நக்குகிறது, உடம்பை விறைக்கிறது. யாரும் கவனிப்பதில்லை. குரைத்தால்தான் கவனிக்கிறோம். ஆகவே நேரடியாகக் குரைப்புக்கே போய்விடக் கற்றுக்கொள்கிறது. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் 1,276 நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய நாய் வைத்திருப்போர் ஒரே சீராக நடந்துகொள்வதும், நாயோடு பயிற்சியிலும் விளையாட்டிலும் ஈடுபடுவதும் குறைவு என்று தெரிந்தது. லாப்ரடார் குரைத்தால் பயிற்சியாளரைத் தேடுகிறோம், பொமரேனியன் குரைத்தால் சிரித்துவிட்டு விடுகிறோம்.

இனி கூலி விஷயத்துக்கு வருவோம். கூரியர்காரர் வாசலுக்கு வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகப்போகிறவர்தான், ஆனால் நாயின் கணக்கில் குரைத்ததால்தான் போனார். தினமும் வெற்றி கிடைக்கும் வேலையை யார் விடுவார்? சாப்பாட்டு மேசையடியில் குரைத்தபோது தாத்தா ஒரு மாரி பிஸ்கட் போட்டால் அதுவும் கூலி. “சும்மா இரு” என்று கத்தினாலும் கூலிதான், தன்னோடு சேர்ந்து வீட்டார் குரல் கொடுக்கிறார்கள் என்றுகூட அது எடுத்துக்கொள்ளும். எனவே, எப்படி நிறுத்துவது என்று கேட்பதற்கு முன், இந்தக் குரைப்பால் அதற்கு என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். ஒரு வாரம் குறித்துவையுங்கள்: எந்த நேரம், எதற்கு முன், குரைத்தபின் என்ன நடந்தது. வெளியே போகும்போது ஒரு பழைய செல்போனில் பதிவு போட்டுவிட்டுப் போங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

காவல் குரைப்பு என்றால் முதலில் காட்சியை மறையுங்கள். பால்கனிக் கம்பிக்கு ஒரு தட்டி, ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கலான ஸ்டிக்கர். படிக்கட்டுச் சத்தத்தை மறைக்க மின்விசிறியோ ரேடியோவோ உதவும். பிறகு காலிங் பெல்லின் பொருளை மாற்ற வேண்டும். மணியோசையைப் போனில் பதிவு செய்து, நாய் காதைத் திருப்பும், ஆனால் குரைக்காத அளவுக்கு மெல்ல ஒலிக்க விடுங்கள். ஒலித்த உடனே ஒரு துண்டுக் கோழிக்கறி. மறுபடி ஒலி, மறுபடி கறி. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் காட்டிய அதே வழிதான். நாள் போகப்போகச் சத்தத்தைக் கூட்டுங்கள். மணி அடித்ததும் வாசலுக்கு ஓடாமல் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். அப்போது அதற்கு வேறொரு வேலை கொடுங்கள்: மணி அடித்தால் தன் பாய்க்குப் போய் உட்கார வேண்டும், கதவு மூடும்வரை அங்கே சின்னச் சின்னத் துண்டுகள் வரும். கறியை உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து மிளகு அளவுக்குக் கிள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் கழித்துவிடுங்கள், மூன்று கிலோ நாய் சீக்கிரம் குண்டாகிவிடும்.

நிறுத்தச் சொல்லும் வார்த்தையையும் கற்றுக்கொடுக்கலாம். இரண்டு மூன்று முறை குரைக்க விட்டு, தாழ்ந்த குரலில் “போதும்” என்று சொல்லி, மூக்கருகே தீனியைக் கொண்டுபோங்கள். மோப்பம் பிடித்துக்கொண்டே குரைக்க முடியாது. அமைதி வந்த கணத்தில் கொடுங்கள். அடுத்தடுத்த முறை சில நொடிகள் தாமதியுங்கள்.

கேட்டு வாங்கும் குரைப்புக்கு மருந்து வேறு. திரும்பிப் பார்க்காதீர்கள், பேசாதீர்கள், தொடாதீர்கள். அடங்கியதும் உடனே கவனியுங்கள். இங்கே வீட்டில் எல்லோரும் ஒரே கட்டாக நிற்க வேண்டும். எப்போதாவது ஒரு முறை பலித்தாலும் பழக்கம் இன்னும் கெட்டிப்படும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகளே நிறுவியிருக்கின்றன. தாத்தாவிடம் அன்பாகச் சொல்லி, அதே பிஸ்கட்டை நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது கொடுக்கச் சொல்லுங்கள்.

தனிமையில் வரும் குரைப்பை இப்படிக் கண்டுகொள்ளாமல் விடுவது கொடுமை. வீட்டார் கிளம்பிய முதல் அரைமணிக்குள் பெரும்பாலும் தொடங்கிவிடும். எச்சில் வடிப்பது, கதவைப் பிறாண்டுவது, கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது சேர்ந்திருந்தால் அது பீதி. செருப்பை மாட்டிவிட்டுப் போகாமல் உட்காருவது, கதவுக்கு வெளியே ஐந்து நொடி நின்று திரும்புவது, பிறகு அரை நிமிடம் என்று நாய் கலங்காத எல்லைக்குள்ளேயே நகர வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம். கடுமையான பீதிக்கு மருந்தும் உண்டு. குளோமிப்ரமின், ஃப்ளுவாக்ஸெட்டின் இரண்டும் இதற்காகவே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. ஆனால் அவற்றைக் கால்நடை மருத்துவர்தான் எழுத வேண்டும். வீட்டிலிருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று ஓயாமல் குரைத்தால் பயிற்சியைத் தொடங்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். பல்வலி, காதுப்புண், மூட்டுவலி இருக்கலாம். பத்து வயதைத் தாண்டிய நாய் நடுராத்திரியில் சுவரைப் பார்த்துக் குரைத்தால் மூளையின் மூப்பாகவோ, செவியும் பார்வையும் மங்கியதாகவோ இருக்கக்கூடும்.

மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை யார் பரிந்துரைத்தாலும் வாங்காதீர்கள். வேல்ஸ் நாடு 2010-லேயே அதைத் தடை செய்துவிட்டது. வாசல் மணியோடு வலியும் சேர்ந்தால் நாய் மணியை இன்னும் அதிகமாக வெறுக்கும். குரல்நாணை வெட்டும் அறுவையை ஐரோப்பாவின் செல்லப்பிராணிப் பாதுகாப்பு உடன்படிக்கை 1987-இலேயே விலக்கியது. சாதாரணக் கழுத்துப்பட்டையிலும் கவனம் வேண்டும். பொமரேனியன்களுக்கு மூச்சுக்குழாய் வளையங்கள் தளர்ந்து ஒடுங்கும் நோய் வரும். அவற்றுக்கு மார்பில் மாட்டும் ஹார்னெஸ்தான் சரி.

அடுக்குமாடிச் சங்கம் நாயை வெளியேற்றச் சொன்னால் பதறாதீர்கள். ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று 1962-இல் அமைத்த இந்திய விலங்கு நல வாரியம், குரைப்பு நாயின் இயல்பான வெளிப்பாடு என்று 2015-இல் தந்த வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. ஓயாத குரைப்பு அயலாரை வருத்தும், இரவிலாவது அமைதி காக்கப் பாருங்கள் என்று வளர்ப்பவருக்கும் அதிலேயே சொல்லியிருக்கிறது. பயிற்சி தொடங்கும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பலித்துவந்த குரைப்பு பலிக்காமல் போகும்போது, குறைவதற்கு முன் சில நாள் கூடவே செய்யும். அந்த நாட்களில் பொறுத்துக்கொள்ளக் கேளுங்கள். முடிந்தால் மாலையில் ஒரு முறை அவர்களையே வந்து மணியடிக்கச் சொல்லுங்கள், உங்கள் பயிற்சிக்கு நிஜமான விருந்தாளி தேவைப்படும்.