தண்ணி போயிடும், சேறு போகாது: ஒரத்துப்பாளையம் கதை

சாயக்கழிவு பத்தின போன எபிசோடு கேட்டுட்டு பல்லடத்துல இருந்து ஒரு நண்பர் மெசேஜ் பண்ணியிருந்தார்: "இப்பதான் பட்டறைங்கள்ல சுத்திகரிப்பு வந்துடுச்சே ப்ரோ, ஒரு நல்ல மழை பெஞ்சா ஆறு தானா சரியாகாதா?"

பாதி சரிங்க. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்பு நிறைய போடுவாங்க. அந்த உப்பு தண்ணில கரைஞ்சது, வெள்ளம் வந்தா பெரும்பகுதி அடிச்சுட்டுப் போயிடும். ஆனா குரோமியம், செம்பு மாதிரி உலோகங்கள் அப்படி இல்ல. களிமண் துகள்ல ஒட்டிக்கிட்டு, தண்ணி எங்க நிக்குதோ அங்க படிஞ்சிடும்.

நொய்யல்ல தண்ணி நின்ன இடம், சென்னிமலை பக்கத்துல 1992-ல பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை. கொஞ்ச வருஷத்துலயே அது திருப்பூரோட கழிவுத் தொட்டி ஆயிடுச்சு. எந்த விவசாயிக்காகக் கட்டினாங்களோ, அவங்களே இந்தத் தண்ணி வேண்டாம்னு கோர்ட்டுக்குப் போனாங்க. கழிவை வெளியேவே விடக்கூடாதுன்னு 2006-ல உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. நடக்கல. 2011 ஜனவரில சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்லிடுச்சு.

சரி, அடியில கிடக்கிற சேறு?

ஒரு வழி, அப்படியே விட்டு மேல சுத்தமான மணல் போட்டு மூடுறது. கடல்ல, துறைமுகத்துல செய்றாங்க. ஆனா அணையோட கொள்ளளவு குறையும், பெருவெள்ளம் வந்தா மணலே அரிச்சுட்டுப் போயிடும். இங்க சரிப்படாதுன்னுதான் எனக்குத் தோணுது.

இன்னொண்ணு தோண்டி எடுக்கிறது. ஜப்பான்ல மினமாட்டா விரிகுடாவோட பாதரசச் சேறை 1977-ல ஆரம்பிச்சு 1990 வரைக்கும் எடுத்தாங்க. அதை வெச்சு கரையோரமா நிலமாக்கி, மேல நல்ல மண் போட்டு மூடிட்டாங்க. இதுல சிக்கல் என்னன்னா, கிளறும்போது சேறு கலங்கி கீழ்நோக்கிப் போகும். காத்துப்படாம அடங்கிக் கிடந்த உலோகம், ஆக்சிஜன் பட்டதும் மறுபடி கரைய ஆரம்பிக்கலாம். பழைய கோடுல கை வெச்சா ஓடிட்டிருந்ததும் நிக்குமே, அந்தக் கதைதான். நம்ம ஊர்ல ஒரு வசதி, கோடைல அணை காஞ்சிடும். காஞ்ச நிலத்துல தோண்டினா கலங்கல் கம்மி.

தோண்டினதை எங்க கொட்டுறது? நம்ம ஊர்ல குளத்து வண்டல்னா வண்டி கட்டிட்டு வந்து வயலுக்கு அள்ளிட்டுப் போவாங்க. இந்த வண்டலை அப்படிக் கொடுக்க முடியாது. இடத்துக்கு இடம் மாதிரி எடுத்து, எத்தனை அடி ஆழம் வரைக்கும் உலோகம் இறங்கியிருக்குன்னு டெஸ்ட் பண்ணணும். மோசமானதை மட்டும் பிரிச்சு, அடியில கசியாத ஷீட் விரிச்ச குழியில புதைக்கணும். அந்தக் குழியை எந்த ஊர்ல வெட்டுறதுன்னு பேச்சு வர்றப்பதான் உண்மையான சண்டையே ஆரம்பிக்கும்.