ஆசியப் பட்டத்தில் முதல் பெயர்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

சென்ற கோடை விடுமுறையில் திருவொற்றியூரில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு போர் மூண்டது. ஒரு பக்கம் எட்டு வயதான என் தம்பி. மறுபக்கம், துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து ஓய்வு பெற்ற எங்கள் தாத்தா. போருக்குக் காரணம் ஒரு மிட்டாய்ப் பெட்டி!

தம்பி அந்த அட்டைப் பெட்டியை வெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டி, மல்யுத்தச் சாம்பியன் பெல்ட் ஒன்று செய்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். தாத்தா பார்த்துச் சிரித்தார். "டேய், அதெல்லாம் நாடகம்டா. யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க. எங்க காலத்துக் குத்துச்சண்டையப் பாத்திருந்தா நீ இதக் கையால தொடமாட்ட" என்றார். தம்பி அழுதுவிட்டான். பெல்ட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டு, "நீ சொல்லுக்கா, பொய்யா?" என்று என்னிடம் வந்தான்.

எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் ஒரு பட்டத்தின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. அது 'அனைத்து ஆசிய ஜோடிப் பட்டம்'. ஜப்பானில் இன்றும் வழக்கில் உள்ள தொழில்முறை மல்யுத்தப் பட்டங்களுள் மிகப் பழமையானது அதுவே. இருவர் இருவராக மோதுவார்கள். ஒருவர் மேடையில் நிற்க, அவருடைய தோழர் கயிற்றுக்கு வெளியே காத்திருப்பார். களைத்தவர் தோழரின் கையைத் தட்டினால் ஆள் மாறலாம்.

இப்பட்டம் பிறந்த காலத்தை நாம் அறிய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான், 1952 வரை அமெரிக்கர் தலைமையிலான அந்நியப் படைகளின் ஆட்சியில் இருந்தது. மக்கள் தலைகுனிந்திருந்த நேரம் அது. அப்போது ரிக்கிடோசான் என்பவர் தோன்றினார். முன்பு சுமோ மல்லர். 1953-ல் ஜப்பானிய மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கியவர். அதே ஆண்டில்தான் ஜப்பானில் தொலைக்காட்சியும் வந்தது. வீட்டில் பெட்டி வாங்க யாரிடம் பணம் இருந்தது? தெருமுனைகளில் வைத்த பெட்டிகளுக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. 1954 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களை ரிக்கிடோசான் கையால் வெட்டுவதுபோல் அடித்துச் சாய்த்தபோது, அந்தக் கூட்டம் போரில் இழந்த மானமே திரும்பி வந்ததுபோல் ஆர்ப்பரித்ததாம். (ஷார்ப் சகோதரர்கள் உண்மையில் கனடா நாட்டினர். ஆனால் அன்று அதையெல்லாம் யார் கேட்டார்கள்!)

தாத்தா சொன்னது இந்த இடத்தில் உண்மைதான். தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே பேசப்படும். அந்தப் பேச்சு முறிந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ரிக்கிடோசானே சான்று. 1954 டிசம்பர் 22 அன்று ஜப்பானியப் பட்டத்துக்காக, ஜூடோவில் இணையற்றவரான கிமுராவுடன் அவர் மோதினார். ஆட்டம் திடீரென்று உண்மைச் சண்டையாக மாறி, கிமுரா நினைவிழந்து வீழ்ந்தார். சமமாக முடிப்பது என்றே பேசியிருந்தோம், அவர் வாக்குத் தவறிவிட்டார் என்று கிமுரா பின்னாளில் சொன்னார். நாடகத்தை விட்டு விலகியதுதான் அங்கே துரோகம் ஆயிற்று. இதைப் படித்தபோது எனக்குச் சற்றுத் தலை சுற்றியது.

மறு ஆண்டு, 1955 நவம்பரில், ஆசியப் பட்டங்களுக்கான போட்டிகள் டோக்கியோவில் நடந்தன. ஜோடிப் பட்டத்தின் இறுதி ஆட்டம் நவம்பர் 16 அன்று. ஒரு பக்கம் ரிக்கிடோசானும் ஹரால்ட் சகாட்டாவும். மறுபக்கம் கிங் காங்கும் டைகர் ஜோகிந்தர் சிங்கும். வென்றவர்கள் யார் தெரியுமா? கிங் காங்கும் நம் பஞ்சாபைச் சேர்ந்த ஜோகிந்தர் சிங்கும்தான்! எழுபது ஆண்டுகளாக நீண்டுவரும் அந்த ஜப்பானியப் பட்டியலின் முதல் வரியில் ஓர் இந்தியரின் பெயர் இருக்கிறது.

கிங் காங் யார் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இருநூறு கிலோவை நெருங்கிய மலை போன்ற மனிதர். தாரா சிங்குடன் அவர் மோதிய மோதல்கள் நாடெங்கும் பேசப்பட்டன. தாத்தாவின் பள்ளியில் குண்டாக இருந்த பையனுக்கெல்லாம் 'கிங்காங்' என்றே பட்டப் பெயராம். ஆனால் அவர் பிறந்தது அன்றைய ஹங்கேரியில். இயற்பெயர் எமில் சாயா. ஹங்கேரிக்காரர் எப்படி ஆசியச் சாம்பியன் ஆனார் என்று கேட்காதீர்கள்! அந்த மேடையில் நின்ற மற்றவர்களையும் பாருங்கள். சகாட்டா ஜப்பானிய வம்சத்தவர், ஆனால் ஹவாய்த் தீவில் பிறந்தவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பளு தூக்குதலில் அமெரிக்காவுக்காக வெள்ளிப் பதக்கம் வென்றவர். பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தொப்பியை வீசிக் கொல்லும் வில்லனாக வந்தவரும் இவரே.

ரிக்கிடோசான்? அவர் கொரியாவில் பிறந்தவர். இயற்பெயர் கிம் சின்-ராக். நாகசாகிப் பக்கத்துக்காரர் என்றே வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டார். கொரியர்களைத் தாழ்வாக நடத்திய நாட்டில், அந்த நாட்டின் மானத்தையே தோளில் சுமந்தவர், தான் யார் என்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வாழ்ந்தார். ஆக, அன்று மேடையில் நின்ற நால்வரில் ஒருவர்கூட ஜப்பானில் பிறந்தவரில்லை. மேடை நாடகம் என்று தாத்தா சொன்னாரே, அதைவிடப் பெரிய நாடகம் மேடைக்கு வெளியே அல்லவா நடந்திருக்கிறது!

ஆறே நாள் கழித்து, நவம்பர் 22 அன்று, தனிநபர் ஆசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் ரிக்கிடோசான் கிங் காங்கை வென்றார். ஜோடிப் பட்டத்தையும் பின்னர் டொயோநோபோரி என்ற வீரருடன் சேர்ந்து வென்றார். 1963 டிசம்பர் 8 இரவு, டோக்கியோவில் ஒரு கேளிக்கை விடுதியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். ஒரு வாரத்தில் உயிர் பிரிந்தது. வயது 39. கிங் காங் ஒரு கார் விபத்துக்குப் பின் 1970-ல் காலமானார்.

ரிக்கிடோசானின் சீடர்கள் ஜயண்ட் பாபா, அண்டோனியோ இனோகி இருவரும் 1972-ல் தனித்தனி நிறுவனம் தொடங்கிப் பிரிந்தார்கள். குருவின் நிறுவனம் 1973-ல் மூடப்பட்டது. நிறுவனமே போனபின் பட்டம் என்ன ஆகும்? மூன்று ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1976-ல் பாபாவின் 'அகில ஜப்பான்' நிறுவனம் அதை எழுப்பியது. இன்றும் அங்கேதான் அதற்காக மோதுகிறார்கள்.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் வடசென்னையில் ஆங்கிலக் குத்துச்சண்டை என்று சுவரொட்டி ஒட்டிய காலத்தில், சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றுதான் பேச்சாம். "ஜெயிச்சா ஆளு பேரு அப்புறம்தான். பரம்பரை பேருதான் மொதல்ல நிக்கும்" என்றார். ஜப்பானிலும் அப்படித்தான், ஆள் போனாலும் பட்டியல் நிற்கிறது என்றேன். "நிக்கட்டும். நம்மாளு அடிச்சது நிஜம், அவன் அடிக்கறது நாடகம்" என்று பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

தாத்தாவுக்கு முகமது அலி என்றால் உயிர். 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் கண்காட்சி ஆட்டம் ஆடியபோது, கூட்டத்தில் முண்டியடித்துப் பார்த்தவர். அதே அலி 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் இனோகியுடன் மோதினார். முடிவு பேசி வைக்காத ஆட்டம். என்ன நடந்தது? பதினைந்து சுற்றுகளில் பெரும்பகுதி இனோகி தரையில் மல்லாந்து படுத்தபடியே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் சமம். பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். "உண்மைச் சண்டை, தாத்தா!" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அதுவல்ல; மிசாவா என்ற வீரரைப் பற்றி. 1990-ல் புலி முகமூடி அணிந்து, கோபாஷி என்ற இளைஞருடன் சேர்ந்து இதே ஜோடிப் பட்டத்தை வென்றவர். பின்னர் மிகப் பெரிய நட்சத்திரமானார். 2009 ஜூன் 13 அன்று, ஹிரோஷிமாவில் ஒரு ஜோடி ஆட்டத்தில், எதிராளி அவரைப் பின்புறமாகத் தூக்கிப் போட்டார். ஆயிரம் முறை வாங்கிய அடிதான். அன்று எழுந்திருக்கவில்லை. கழுத்துத் தண்டுவடம் சிதைந்து அன்றிரவே இறந்தார். வயது 46. யார் வெல்வது என்பதைத்தான் பேசி வைக்கலாம். விழுவதைப் பேசி வைக்க முடியாது. பலகைக்கு மேல் விரித்த மெத்தையில் உடம்புதான் விழவேண்டும்.

தாத்தா வெகுநேரம் பேசவில்லை. துறைமுகத்தில் மூட்டை சரிந்து வளைந்துபோன தம் இடக்கை விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "அந்த பெல்ட்ட எடுத்தா" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து வந்த பெல்ட்டின் ஜிகினா கசங்கியிருந்தது. தாத்தா அதை நீவிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "பாப்பா, ஜோடிப் பட்டம்னு சொன்னியே, அப்போ பெல்ட்டு ரெண்டு வேணுமே?" என்றார்.

ஆயாவின் புடவைப் பெட்டியின் மேல்மூடி அன்று மாலை காணாமல் போயிற்று. யார் வெட்டினார்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.